நெல்லு மறைக்கிறதை உளுந்து சொல்லிடும்

தஞ்சை, நாகை வரலாறு எழுதினவங்க பெரும்பாலும் நெல்லை வச்சுத்தான் எழுதியிருக்காங்க. கரிகாலன் கல்லணை, 1836-ல ஆர்தர் காட்டன் முக்கொம்புல கட்டின மேலணை, 1934-ல முடிஞ்ச மேட்டூர் அணை, எதை எடுத்தாலும் கடைசியில கணக்கு நெல்லு மூட்டையில வந்துதான் நிக்கும். தப்பு சொல்லலை, நெல்லுதான் எங்க சோறு. ஆனா ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடையில, கடலுக்குப் பக்கத்துல இருக்கிற எங்களுக்கு இன்னொரு வரலாறும் இருக்கு. அது உப்போட வரலாறு. அதை நெல்லை மட்டும் வச்சு எழுத முடியாது. வயல்ல இருக்கிற உப்பை நெல்லு ரொம்ப நாளைக்கு மறைச்சு வைக்கும். உளுந்தும் பாசிப்பயறும்தான் அதை முதல்ல வெளியில சொல்லும்.

இட்லிக்கு உளுந்து வாங்குற பட்டணத்து நண்பர்களுக்கு இந்தக் கதை தெரியணும்னுதான் எழுதுறேன்.

தையில தெளிக்கிற பயிர்

டெல்டாவுல உளுந்துக்குன்னு தனியா உழவு ஓட்டுறது குறைவு. சம்பா, தாளடி நெல்லு முத்தி நிக்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, வயல்ல தண்ணியை வடிச்சுட்டு மண்ணு மெழுகுப் பதத்துல இருக்கிறப்போ விதையைக் கையால தெளிச்சு விட்டுடுவோம். நெல்லுக்கு அடியிலேயே உளுந்து முளைச்சுடும். நெல்லை அறுத்து எடுத்தா தாளுக்கு நடுவுல ரெண்டு மூணு இலையோட பச்சையா நிக்கும். அதுக்கப்புறம் தண்ணி கிடையாது. மண்ணுல மிச்சம் இருக்கிற ஈரமும் தை, மாசிப் பனியும்தான். அறுபத்தஞ்சு, எழுபது நாள்ல காய் முத்திடும். ‘நெல் தரிசுப் பயறு’ன்னு வேளாண்மைத் துறை சொல்றது இதைத்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ‘ஆடுதுறை 3’ உளுந்தை இந்த முறைக்காகவே கொண்டுவந்தது.

செலவு குறைவு, பாடும் குறைவு. கோடையில கையில காசு பார்க்கிறது இந்தப் பயிர்லதான். பயறு எடுக்க வர்ற பெண்களுக்குக் கூலியைப் பயறாவே அளந்து கொடுத்த காலம் உண்டு. நிலம் இல்லாத குடும்பத்துக்கும் வருஷத்துப் பருப்பு அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தது. பயறு வேர்ல இருக்கிற முடிச்சு காத்துல இருந்து தழைச்சத்தை இழுத்து வைக்கிறதால அடுத்த நெல்லுக்கும் அது உரம். ஆக, பயறு போச்சுன்னா ஒரு பயிர் மட்டும் போகலை. ஒரு கூலி, ஒரு உரம், ஒரு கோடைச் சம்பாத்தியம் எல்லாம் சேர்ந்து போகுது.

நேத்து முளைச்ச பழக்கமும் இல்லை, நம்ம ஆளுங்களுக்கும் உளுந்துக்கும் உள்ள உறவு. அகநானூற்றின் 86-ஆம் பாட்டுல வர்ற கல்யாண விருந்துலேயே உளுந்து இருக்கு.

உவர் வேற, களர் வேற

உப்பு மண்ணுன்னு பட்டணத்துல பொதுவா சொல்லிடுவாங்க. இதுல ரெண்டு ஜாதி இருக்கு. உவர் மண்ணுல சாதாரண உப்பு அதிகமா கரைஞ்சு கிடக்கும். வெயில் ஏறினா மேல வெள்ளையா பூக்கும். களர் மண்ணுல சோடியம் மண் துகளோடவே ஒட்டிக்கிட்டு இருக்கும். ஈரத்துல வழுக்கும், காய்ஞ்சா கல்லாகும், தண்ணி உள்ள இறங்காது. படிக்காதவங்களுக்கு உவமை சொல்ல வள்ளுவர் 406-ஆம் குறள்ல எடுத்துக்கிட்டது இந்தக் களரைத்தான். சோப்பு வர்றதுக்கு முன்னாடி துணி வெளுக்க உவர்மண்ணை அள்ளிட்டுப் போவாங்க. வயலுக்குக் கெடுதலா இருந்த மண்ணு துறைக்கு உதவியா இருந்தது.

இந்த வித்தியாசம் தெரியாம வைத்தியம் பண்ணினா பணம்தான் வீணாகும். களருக்கு ஜிப்சம் போட்டா அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து சோடியத்தை வெளியே தள்ளும். உவருக்கு அது மருந்து இல்லை. உவருக்கு ஒரே மருந்து நல்ல தண்ணியும் அது வெளியேற ஒரு வடிகாலும்தான். கடலோரத்துல எங்களுக்குப் பெரும்பாலும் உவர். சில வயல்ல ரெண்டும் கலந்து இருக்கும்.

பயறை ஏன் முதல்ல பிடிக்குது

முதல் காரணம், காலம். நெல்லு நிக்கிற ஐப்பசி, கார்த்திகையில மேல மழை, கீழ ஆத்துத் தண்ணி. வயல்ல நிக்கிற தண்ணி உப்பைக் கீழேயே அழுத்தி வச்சிருக்கும். மாசி, பங்குனியில வயல் காயும். விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி அடியில இருக்கிற தண்ணி மண் வழியா மேல ஏறும். ஏறினதும் தண்ணி ஆவியாகிடும், கூட வந்த உப்பு மேலேயே தங்கிடும். சரியா அந்த நேரத்துலதான் பயறு பூவும் பிஞ்சுமா நிக்குது. வேதாரண்யம் உப்பளத்துல உப்பு நல்லா விளையிறதும் அந்த வெயில்லதான். ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில இருந்து கிளம்பி, 30-ஆம் தேதி வேதாரண்யத்துல உப்பு அள்ளினப்போ சித்திரை மாசம். அது பயறு எடுப்பு முடியிற மாசம். உப்பளத்துக்கு வாய்ச்ச வெயிலே பயறுக்கு எமன்.

ரெண்டாவது காரணம், செடியோட உடம்பு. மண்ணுல உப்பு கூடிட்டா ஈரம் இருந்தும் வேரால இழுக்க முடியாது. பக்கத்துலேயே தண்ணி இருக்க, செடி தாகத்துல நிக்கும். விதை முளைக்கிறது தாமதமாகும், பாதி முளைக்காமலே போகும். முளைச்சதும் குட்டையா, இலை சிறுத்து, கரும்பச்சையா தெரியும். அப்புறம் சோடியமும் குளோரைடும் இலையில சேர, முதிர்ந்த இலையோட ஓரம் நெருப்புல காட்டின மாதிரி கருகி உள்ள வரும். பூ உதிரும், பிஞ்சு உதிரும். தங்கின காய்லயும் மணி சிறுத்திருக்கும். செடிக்குக் காய் குறைவு, காய்க்கு மணி குறைவு, மணிக்கு எடை குறைவு. மூணு இடத்துல கொஞ்சம் கொஞ்சமா போகும். மகசூல் பாதியாகுறது இப்படித்தான்.

மஞ்சள் தேமல் நோயையும் இதையும் குழப்பிக்கிறவங்க உண்டு. தேமல் வெள்ளை ஈயால வர்றது. இளம் இலையில பளிச்சுன்னு மஞ்சள் திட்டா தெரியும். உப்பு, வயசான இலையோட ஓரத்துலதான் கைவரிசையைக் காட்டும்.

மூணாவது காரணம், வேர் முடிச்சு. பயறு வகைகள் காத்துல இருந்து தழைச்சத்து எடுக்குதுன்னும், அதைச் செய்யிறது முடிச்சுக்குள்ள இருக்கிற நுண்ணுயிர்தான்னும் ஜெர்மனியில ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886-லயிருந்து 1888-க்குள்ள நிரூபிச்சாங்க. அந்த நுண்ணுயிரைத்தான் இன்னைக்கு ரைசோபியம்னு பாக்கெட்டுல வாங்கி விதையில கலக்குறோம். இதுல ஒரு விசேஷம் இருக்கு. ரைசோபியம் பெரும்பாலும் செடியைவிட உப்பைத் தாங்கும். உப்பு மண்ணுலயும் அது உயிரோடதான் இருக்கும். ஆனா உப்புல வேர்த் தூவி சரியா வளையாது. வளைஞ்சு நுண்ணுயிரைச் சுத்திக்கிட்டாத்தான் அது உள்ள போக முடியும். விருந்தாளி வாசல்ல நிக்கிறார், கதவு திறக்கலை. முடிச்சு குறையும், இருக்கிற முடிச்சும் சரியா வேலை செய்யாது. யூரியா போடுற நெல்லுக்கு இந்தக் கவலை இல்லை. தன் சாப்பாட்டைத் தானே சமைக்கிற பயறுக்கு உப்பு அடுப்பையே அணைச்சுடுது.

நாலுன்னு ஒரு கோடு

மண்ணுல எவ்வளவு உப்பு இருந்தா அது உப்பு மண்ணு? இதுக்கு உலகம் முழுக்க ஒரு எண் வழக்கத்துக்கு வந்த இடம் கலிஃபோர்னியா. அங்க ரிவர்சைடுங்கிற ஊர்ல 1937-ல அமெரிக்க அரசு ஒரு உப்பு மண் ஆய்வகம் தொடங்கியது. அந்த ஆய்வகம் 1954-ல ஒரு கையேடு வெளியிட்டுச்சு. மண்ணைத் தண்ணி விட்டுக் குழைச்சு, அதுல இருந்து சாறு எடுத்து, மின்சாரம் எவ்வளவு கடத்துதுன்னு பார்க்கணும். உப்பு கூடினா கடத்துறதும் கூடும். அந்த அளவு 4 டெசிசைமனைத் தாண்டினா உவர் நிலம்னு கோடு போட்டாங்க. 2-க்கு மேலேயே மென்மையான பயிர் பாதிக்கப்படலாம்னும் அதே கையேடு சொல்லுது. ஆனா பாடப் புத்தகத்துலயும் பேச்சுலயும் நிலைச்சது 4 மட்டும்தான்.

1977-ல அதே ஆய்வகத்தைச் சேர்ந்த மாஸும் ஹாஃப்மனும் பயிர் வாரியா ஒரு பட்டியல் போட்டாங்க. எந்த அளவு வரைக்கும் பயிர் தாங்கும், அதுக்கு மேல ஒவ்வொரு டெசிசைமனுக்கும் மகசூல் எவ்வளவு குறையும்னு ரெண்டு எண். நெல்லு 3 வரைக்கும் தாங்கும், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் 12 சதவீதம் குறையும். நீங்க பொரியல் பண்ற பீன்ஸ் 1-க்கு மேல தாங்காது, குறையிறது 19 சதவீதம். பின்னால வந்த பட்டியல்கள்ல பாசிப்பயறும் சேர்ந்துச்சு: தாங்குறது 1.8, குறையிறது கிட்டத்தட்ட 21 சதவீதம். உளுந்தும் உப்பைத் தாங்காத கூட்டத்துலதான் இருக்கு.

இதை வச்சு ஒரு சின்னக் கணக்கு போடுங்க. மண்ணு சரியா 4-ல இருக்கு. புத்தகப்படி இன்னும் கோட்டைத் தாண்டலை. அதுல நெல்லுக்கு 12 சதவீதம் நஷ்டம். ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுக்கிறவருக்கு மூணு நாலு மூட்டை குறையும். மழை மேலயோ புகையான் மேலயோ பழியைப் போட்டுட்டுப் போயிடலாம். அதே மண்ணுல பாசிப்பயறுக்கு 45 சதவீதம் நஷ்டம். கிட்டத்தட்ட பாதி. இதை எதன் மேலயும் பழி போட்டு மறைக்க முடியாது.

பயறு வகையிலேயும் எல்லாம் ஒண்ணில்லை. தட்டைப்பயறு 4.9 வரைக்கும் நிக்கும். கொத்தவரை 8.8 வரைக்கும் அசையாது. ஒரே குடும்பத்துல ஒருத்தர் ஊறுகாய் தின்னே வாழ்றார், இன்னொருத்தருக்கு ஒரு கல் உப்பு கூடினாலும் ஆகலை.

மண் பரிசோதனை அட்டை வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்ல வழக்கமா ஒரு பங்கு மண்ணுக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்துதான் அளப்பாங்க. தண்ணி கூடுறதால எண் சின்னதா வரும். அதை இந்தப் பட்டியல் எண்ணோட நேரா ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

கடைமடைக்கு உப்பு வந்த வழி

டெல்டா, கடலும் ஆறும் தள்ளிக்கிட்டு நிக்கிற இடம். ஆத்துல தண்ணி ஓடினா கடலை வெளியே தள்ளும். ஆறு வத்தினா கடல் முகத்துவாரம் வழியா உள்ள ஏறும். வெட்டாறு, வெள்ளையாறு, அடப்பாறு எல்லாத்துக்கும் இதே நியாயம்தான். ஆத்துத் தண்ணி பாசனத்துக்கு மட்டுமில்லை, வருஷா வருஷம் வயலைக் கழுவி விடுறதுக்கும் அதுதான். இந்தக் கழுவுற வேலை எந்தக் கணக்குலயும் ஏறலை.

மேட்டூர் வந்த பிறகு ஜூன் 12 தண்ணி திறக்கிற நாள்னு ஆச்சு. 1960-ல தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவுல முதல்ல எடுத்த மாவட்டங்கள்ல தஞ்சாவூரும் ஒண்ணு. புது நெல்லு, உரம், கடன் எல்லாம் வந்துச்சு. எல்லாத்துக்கும் அளவுகோல் நெல்லுதான். 1924-ல சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்துல ஆரம்பிச்சு, 1990-ல நடுவர் மன்றம், 2007-ல இறுதித் தீர்ப்பு, 2018-ல உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. வரைக்கும் காவிரி வழக்கு வந்திருக்கு. அதுலயும் ஊர்ல நாங்க பேசுறது குறுவைக்கு எவ்வளவு, சம்பாவுக்கு எவ்வளவுங்கிறதுதான். உப்பைக் கழுவ எவ்வளவுன்னு யாரும் பேசினதில்லை.

தண்ணி குறைஞ்ச வருஷத்துல மேல தஞ்சாவூர்ப் பக்கம் போர் போட்டு சமாளிப்பாங்க. கடலோரத்துல போர் போட்டா பல இடத்துல உப்புத் தண்ணிதான் வரும். அதை இறைச்சா பயிருக்கு நாமே விஷம் வைக்கிற மாதிரி. 2016-ல வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. ஆறும் இல்லை, மழையும் இல்லை. அந்த மாதிரி வருஷத்துல உப்பு கழுவப்படாம அடுத்த வருஷத்துக் கணக்குல சேர்ந்துடும்.

உப்பு வயலுக்கு நடுவுலேயே வந்து இறங்கினது 1990-களின் தொடக்கத்துல, இறால் பண்ணைகளோட. நெல்லு விளைஞ்ச நிலத்தை வாங்கிக் குளம் வெட்டி, உப்புத் தண்ணியை நிரப்பினாங்க. கரை வழியா கசிஞ்சது பக்கத்து வயலுக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் போச்சு. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் 1994-ல உச்ச நீதிமன்றம் போனார். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் கிராமத்துப் பெண்களும் ஊர் ஊரா போராடினாங்க. 1996 டிசம்பர் 11-ஆம் தேதி, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல இருக்கிற நவீன இறால் பண்ணைகளை அகற்றணும்னு தீர்ப்பு வந்துச்சு. அப்புறம் சீராய்வு மனு, தடைன்னு இழுத்துக்கிட்டே போயி, 2005-ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குன்னு தனிச் சட்டமே வந்துடுச்சு. தீர்ப்பு காகிதத்துல இருக்கு. அந்தக் குளத்துக்குப் பக்கத்து வயல்ல சித்திரையில நடந்து பாருங்க, வெள்ளை பூத்துக் கிடக்கும்.

2004 டிசம்பர் 26-ல சுனாமி. கடல் தண்ணியோட அளவு சுமார் 50 டெசிசைமன். பயிர் 1.8-க்கே தடுமாறுதுன்னு மேல சொன்னேனே, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. நாகை மாவட்டத்துல சம்பா நின்ன வயல்ல கடலே ஏறி நின்னுச்சு. சேறு அள்ளினாங்க, வரப்பு கட்டித் தண்ணி தேக்கி வடிச்சாங்க, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதாங்க. எல்லாத்துக்கும் மேல 2005 பருவமழை கொட்டித் தீர்த்துச்சு. மனுஷங்க நினைச்சதைவிடச் சீக்கிரம் நிலம் தேறுச்சு. வடிகால் நல்லா இருந்த வயல் முதல்ல தேறுச்சு. தண்ணி போக வழியில்லாத பள்ள வயல் பின்தங்கிடுச்சு.

எங்க பக்கம் நான் பார்த்ததைச் சொல்றேன். நெல்லு திரும்பி வந்த வயல் எல்லாத்துலயும் உளுந்து திரும்பி வரலை. நெல்லு விளைஞ்சதும் ‘நிலம் தேறிடுச்சு’ன்னு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. அதே வயல்ல மாசி மாசம் திட்டுத் திட்டா உளுந்து கருகினதைப் பார்க்க ஆள் இல்லை. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் வந்து வேதாரண்யம் கரையோரத்துல கடல் சேத்தைக் கொட்டினப்போவும் தென்னையைக் கணக்கு எடுத்தாங்க, நெல்லைக் கணக்கு எடுத்தாங்க. தையில தெளிக்க வேண்டிய பயறு அப்போ வயல்லேயே இல்லை. இல்லாத பயிருக்கு நஷ்டம்னு எப்படி எழுதுறது?

எல்லாப் பழியையும் உப்பு மேல போடவும் மாட்டேன். அறுப்பு மிஷின் வந்த பிறகு, நெல்லுக்கு அடியில முளைச்ச உளுந்து சக்கரத்துல நசுங்குது. அதுக்குப் பயந்து அறுத்த பிறகு தெளிச்சா மண்ணு காய்ஞ்சு போகுது, நாளும் தள்ளிப் போகுது. நாள் தள்ளினா பூக்கிறப்போ உப்பு மேல வந்துடும்.

கையில இருக்கிறது

உப்புத் திட்டு இருக்கிற வயல்ல தை பிறந்ததும் தெளிச்சுடுறது நல்லது. உப்பு ஏறுறதுக்குள்ள பயிர் காய் பிடிச்சுடும். தாளையும் வைக்கோலையும் வயல்லேயே மூடாக்கா விட்டா ஈரம் ஆவியாகுறது குறையும், உப்பு மேல வர்றதும் குறையும். உளுந்து நிக்காத திட்டுல தட்டைப்பயறு, வீட்டுக் கொல்லையில கொத்தவரைன்னு மாத்திக்கலாம். கோடையில உழுது போட்டு, முதல் மழைத் தண்ணியைத் தேக்கி வடிச்சு விடணும். இதுக்கு வடிகால் தூர்வாரி இருக்கணும். வடிகால் ஒருத்தர் வயல்ல முடியிறதில்லை, பத்து ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போறது. தனி விவசாயி மண்வெட்டியோட நின்னு ஆகப் போறதில்லை. அதனாலதான் அரசாங்கம் தூர்வார ஒதுக்குற பணத்துல வாய்க்காலுக்கு இருக்கிற மரியாதை வடிகாலுக்கும் வேணும்னு கேக்குறோம்.

இன்னொண்ணும் கேக்குறோம். ஒரு நிலம் உப்புல இருந்து மீண்டுச்சா இல்லையான்னு கார்த்திகையில நெல்லைப் பார்த்து எழுதாதீங்க. பங்குனியில வாங்க. உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்க. முடிச்சு தடிச்சு, நசுக்கினா உள்ள இளஞ்சிவப்பா இருந்தா மண்ணு பிழைச்சுடுச்சு. வேர் மொட்டையா இருந்தா அந்த வயல்ல உப்பு இன்னும் போகலைன்னு எழுதிக்குங்க. அதுக்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு மணி நேரம் வெயில்ல நிக்கிற மனசு போதும்.